ஆணி அடிக்கக் கூடாத வீடு

நம் வயதுக்காரர்கள் யாராவது சமீபத்தில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போயிருந்தால் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நாம் எதையெல்லாம் வேண்டாமென்று பரண்மேல் ஏற்றினோமோ அதெல்லாம் இறங்கி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. என் மருமகள் ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிச் செவந்திப்பூ மிதக்க விட்டிருக்கிறாள். அதில் மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்தவள் நான். அதற்கு மேலே விளக்கு வேறு. சேலத்தில் மூன்றாவது மாடி வீடு. லாந்தர் இருக்கிறது, செம்புத் தவலை இருக்கிறது, பழைய மரக்கடையில் வாங்கிய தூண் ஒன்று எதையும் தாங்காமல் மூலையில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

கேலி பேசுவேனே தவிர தடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வயிற்றில் வந்தது ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தப் பழைய சாமான் ஆசை வந்தது. போனதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவள் மனசு கஷ்டப்படும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

போன மாதம் என் தம்பி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்தான். தலைவாசல் நிலையை மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். நடுவில் ஆளுயரக் கண்ணாடி பதித்துக் கூடத்தில் நிறுத்தப்போவதாகச் சொன்னாள். போன வாரம் போன் வந்தது.

“அத்தை, இந்த நெலையோட மேல்சட்டத்துல ஏகப்பட்ட துரு ஆணி இருக்குதுங்க. ஆசாரி எல்லாத்தையும் புடுங்கிட்டு, ஓட்டையை அடைச்சுப் பாலிஷ் போட்டுத் தர்றேங்கறாரு. புடுங்கச் சொல்லிரட்டுங்களா?”

“கையை வெக்காதீங்கன்னு சொல்லு. நான் வாரேன்.”

நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்திருப்பாள். பையில் ஒரு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த ஒரு வருஷம்தான் மனசில் ஓடியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். கோடை முழுக்க ஆந்திரா, அதற்கும் வடக்கே என்று வண்டியோடு போய்விடுவார். நடுவில் ஒன்றிரண்டு தடவை தலைகாட்டுவார், பிறகு மழை பிடித்தால்தான் திரும்புவார். அவர் பிறந்து வளர்ந்தது காட்டுக்குள் ஓலை வேய்ந்த சாளையில். கையில் காசு வந்ததும் தார்ரோட்டோரம் மெத்தை வீடு கட்டினார். கட்டியது போதாதென்று, அது மூன்று தலைமுறைப் பணக்காரன் வீடு மாதிரி தெரியவேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. போகிற ஊரிலெல்லாம் விலைக்கு வந்த பழைய சாமான்களை வாங்கி, துளைக்கும் குழாய்களுக்கு நடுவே சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். ஓடாத பெண்டுலம் கடிகாரம், புள்ளி விழுந்த பெரிய கண்ணாடி, மான் கொம்பு, கரும்பச்சை ஏறிய ஒரு பித்தளைப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை அம்மா புளி போட்டுத் துலக்கிப் பூ வைத்தாள். அது எச்சில் துப்புகிற படிக்கம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அம்மா அன்றைக்குக் கையை எத்தனை தரம் கழுவினாள் தெரியுமா! வருகிறவர்களிடம் அப்பா கூசாமல் சொல்லுவார்: “எல்லாம் எங்கப்பாரு காலத்துதுங்க.”

அப்பாரு என்றால் தாத்தா. அப்பாவின் தாத்தாவுக்குச் சொந்தமாக இருந்தது இரண்டு எருமை.

அந்த வருஷம் வைகாசியில் வந்தது நிலை. சேந்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டைப் பாகம் பிரித்து இடித்தபோது மர வியாபாரி எடுத்து, அவரிடமிருந்து அப்பா வாங்கியது. கருத்த தேக்கு. நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளிகள், கீழே வாழைப்பூ. பழைய எண்ணெயும் விபூதியும் கலந்த ஒரு வாசனை அதில் இருந்தது. மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே இருப்பேன். மேல்சட்டத்தில் மட்டும் வரிசையாக ஆணிகள். அழகு கெடுகிறது, பிடுங்கு என்றார் அப்பா. பிடுங்கினால் சட்டம் விண்டுபோகும் என்றார் ஆசாரி. சரி, மாவிலைத் தோரணம் மாட்ட ஆகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கட்டி முடித்த வீட்டின் தலைவாசலை உடைத்து, இருந்த நிலையைப் பெயர்த்து எறிந்து, இதை நிறுத்தினார்கள். கடப்பாரை விழுந்த ஒவ்வொரு தடவையும் அம்மா கிணற்றடியில் நின்றபடி அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. காரணம் தெரியாது.

உங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு தெரிந்திருக்கும். வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் சுவரை இடிக்கக் கூடாது, நிலை வைக்கக் கூடாது, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அம்மா அப்போது இரண்டாம் மாதம். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று இருந்திருக்கிறாள், அப்பாவிடம்கூட. அவர் வீட்டை உடைக்கிறபோது தடுக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் நின்றிருக்கிறாள்.

அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, ஆடி நோம்பிக்கு வந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். விரல் விட்டு மாதக் கணக்குப் போட்டாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

“எப்படா வெச்ச இந்த நெலையை?”

“வைகாசியிலக்கா.”

“அட அறிவு கெட்டவனே!”

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாசமாக இருக்கிறவள் வீட்டில் நிலையைப் பெயர்த்தது ஒரு குற்றம். கொண்டுவந்து வைத்தது இன்னொருத்தன் வீட்டு நிலை, அதுவும் இடிந்துபோன வீட்டு நிலை, அது அதைவிடப் பெரிய குற்றம். ஒரு குடும்பத்துச் சாமியும் சாபமும் குடியிருக்கிற இடம் நிலைப்படி. அதைப் போய் விலைக்கு வாங்குவார்களா?

“இப்பவே பேத்து வீசிர்றேன்” என்று அப்பா எழுந்தார்.

“தொட்டுப் பாரு! இன்னொருக்கா செவுத்துல கடப்பாரை பட்டா என்ன ஆகுமுன்னு தெரியுமா உனக்கு?”

வைத்திருக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. பிள்ளை பிறக்கிறவரை ஒன்றும் செய்வதற்கில்லை. பெரியத்தை ஊருக்குத் திரும்பவில்லை. தலைவாசலைத் தாழ்போட்டாள். அம்மா அந்த நிலையைத் தாண்டவே கூடாது என்று உத்தரவு. அம்மா தாண்டாத வாசலை வேறு யார் தாண்டுவது? எல்லோரும் பின்பக்கம்தான். குளிக்கிற பொடக்காணி வழியாக, சோப்புத் தண்ணீரில் கால் வைத்து, எருமைக் கட்டுத்தரையைச் சுற்றி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தோம். ஆணி அடிக்கக் கூடாதல்லவா, அதனால் அப்பாவின் பொக்கிஷங்கள் எல்லாம் சுவரில் ஏறாமல் தரையில் சாய்ந்து கிடந்தன. கண்ணாடியில் எங்கள் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. ஊரார் ரோட்டிலிருந்து கஜலட்சுமியைப் பார்த்துவிட்டு, சாத்திய கதவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை காவல். “அம்மிணி, உங்கம்மா முன்னால போகாம பாத்துக்கோணும். போனா புள்ளைக்கு ஆகாது. உங்கம்மாளுக்கும் ஆகாது” என்றாள் பெரியத்தை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மணி அடித்ததும் ஓடிவருவேன். அம்மா இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் பை தோளிலிருந்து இறங்கும்.

முன்னால் போன இரண்டு பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தது, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று. நான் அதை அப்படியே நம்பினேன். பெரியவளானதும் போய்க் கூட்டிவரலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ரிக் வண்டி திரும்பி வந்து வாசலில் சேற்றில் நின்றது. அப்பா வீட்டில் இருந்தார், ஆனால் அக்காளுக்கு முன்னால் வாய் பேசுவதில்லை. அம்மாவுக்கு ஏழாம் மாதம். முந்தின இரண்டும் இதே மாதத்துக்குப் பிறகுதான் வம்பு செய்தன என்று பெரியத்தை யாரிடமோ குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. அம்மா கொஞ்சம் பெருமூச்சு விட்டால்கூட எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

ஒரு நாள் மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. தலைவாசல் கதவின் வளையத்தை யாரோ தட்டினார்கள். மாதக்கணக்கில் தட்டாத கதவு. வீடே அப்படியே நின்றுவிட்டது.

“ஆரது? பொறத்தால வாங்க!” என்று பெரியத்தை கத்தினாள்.

வண்டியைச் சுற்றி, சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு அம்மா. கூட வயசுப்பெண் ஒருத்தி. அந்த அம்மாவின் கையில் முந்தானையால் மூடிய சின்னத் தட்டு. அதில் மஞ்சளும் குங்குமமும்.

“நாங்க சேந்தமங்கலமுங்க. எங்கூட்டு நெலை உங்கூட்டுல இருக்குதுன்னு மரக்காரரு சொன்னாருங்க. எங்க கொழுந்தனாரு பாகத்துல போனது, எங்களைக் கேக்காம வித்துப்போட்டாரு. இவளுக்கு வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணமுங்க. எங்கூட்டுப் புள்ளைங்க அந்த நெலையைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் பொறந்த ஊட்டை உட்டுப் போவாங்க. உள்ளகூட வரலீங்க. வெளிய நின்னு மூணு பொட்டு வெச்சுட்டுப் போயர்றோமுங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாரு காலத்து நிலையின் கதை அவர்கள் முன்னால் சேற்றில் விழுந்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை.

“முடியாதுங்க” என்றாள் பெரியத்தை. “எங்கூட்டுல மாசமா ஒருத்தி இருக்கறா. ரெண்டு போயி இது மூணாவது. உங்கூட்டுக் கஷ்டமெல்லாம் எங்களுக்கு வேண்டாம். போயிட்டு வாங்க.”

அந்த அம்மா கோபப்படவில்லை. அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மேல இருந்த ஆணியெல்லாம் புடுங்கீட்டீங்களா சாமி?”

“இல்லீங்க. அப்படியேதான் இருக்குது.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “எங்கூட்டுல புள்ளை பொறந்தா வேப்பல கட்டறதுக்கு நெலையில ஒரு ஆணி அடிப்போமுங்க. அடிச்சதைப் புடுங்கறதில்லீங்க. தங்குனதுக்கும் ஒண்ணு, தங்காததுக்கும் ஒண்ணு. எனக்கு அதுல அஞ்சு ஆணி இருக்குதுங்க. தங்குனது இவ ஒருத்திதான்.”

பெரியத்தை முகத்தில் அன்று பார்த்த பயத்தை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. “கேட்டியாடா?” என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “செத்த புள்ளைங்களையெல்லாம் கொண்டாந்து நடுவாசல்ல வெச்சிருக்கறயேடா! பாவி, பாவி!”

அந்தச் சத்தம் கேட்டபோதுதான் நான் காவலை மறந்துவிட்டது புரிந்தது. உள்ளே ஓடினேன். அம்மா படுக்கையில் இல்லை. முன்கூடத்தில், சாய்ந்து கிடந்த கண்ணாடிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் நின்று, தலைவாசல் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு மரம் ஊறி இறுகியிருந்தது.

“அம்மா, வேண்டாம்மா! செத்துப்போவீங்கம்மா!” என்று சேலையைப் பிடித்துக்கொண்டு அலறினேன்.

“உடு கண்ணு.”

தாழ்ப்பாள் சடாரென்று விலகியது. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அம்மா வலது காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி வெளியே வைத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தூறல் முகத்தில் பட்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் முன்பக்கம் ஓடிவந்தார்கள். அம்மா படியில் நின்றுகொண்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “ஏனுங்க, இப்படி முன்னால வாங்க. உங்க ஆணி எதுங்க?”

அந்த அம்மா மெதுவாகப் படியேறி, எக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

“பேரு வெச்சிருந்தீங்களா?”

“ரெண்டுக்கு வெச்சோமுங்க. மத்த ரெண்டுக்கு அதுக்குள்ள...”

“எனக்கும் ரெண்டு போச்சுங்க” என்றாள் அம்மா. “ஒண்ணு ஆம்பள, ஒண்ணு பொம்பள. எங்கூட்டுல அதையப் பத்தி ஆரும் பேச மாட்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். அந்த அம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பெரியத்தை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு எவ்வளவு ஆத்திரம்! அந்த இரண்டையும் துணியில் சுற்றிக் கையில் வாங்கிக் கொண்டுபோய்ப் புதைத்தவள் அவள்தான் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தது. மூன்றாவதையும் அப்படி வாங்கக் கூடாதே என்ற பயம்தான் அந்தச் சத்தமெல்லாம்.

கல்யாணப்பெண் நிலையைத் தொட்டுக் கும்பிட்டாள். அம்மா வெற்றிலை பாக்குத் தேங்காய் கொடுத்து அனுப்பினாள். அவர்கள் போனதும் பெரியத்தை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “இனி என்ன ஆனாலும் நீதான் பதில் சொல்லோணும்.”

“சொல்றனுங்க நங்கை” என்றாள் அம்மா. புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவளுக்கு எதிராக அம்மா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அம்மா தலைவாசல் வழியாகவே போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு மூச்சு நின்று வந்தது. மார்கழியில் ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்பா திடீரென்று எழுந்துபோய்க் கடப்பாரையோடு நிலைக்கு முன்னால் நின்றார். ஓங்கவும் செய்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. இடித்தாலும் பயம், இடிக்காவிட்டாலும் பயம். கடப்பாரையைச் சத்தம் வராமல் தரையில் படுக்க வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு தேம்பினார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “உதைக்குதுங்க.”

தை பிறந்து ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். போன மாதம் வீட்டை இடித்தானே, அவனேதான்.

அம்மாவையும் பிள்ளையையும் வண்டியிலிருந்து இறக்கி வாசலில் நிறுத்தினார்கள். பெரியத்தை ஆரத்தி எடுத்தாள். அப்பா கையில் வேப்பிலைக் கொத்து. மாட்டுவதற்கு ஆணிகள் ஏற்கெனவே இருந்தன, ஆனால் அப்பா உள்ளே போய்ச் சுத்தியலும் ஒரு புது ஆணியும் எடுத்துவந்து ஸ்டூல் மேல் ஏறினார்.

“இவனுக்கு ஒண்ணு அடிச்சிரலாமா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“நாலு எடுத்துட்டு வாங்க” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“மொதல்ல மூத்தவளுக்கு. அப்பறம் நடுவுல போன ரெண்டுக்கும். கடைசியா இவனுக்கு.”

அந்த இரண்டும் பிறந்து போனபோது அப்பா எங்கோ வடக்கே ரிக் வண்டியோடு இருந்தவர். இரண்டின் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. ஸ்டூல் ஆடியது. பெரியத்தை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நேரா அடிடா தம்பி” என்றாள். மாதக்கணக்கில் ஆணிச் சத்தம் கேட்காத வீடு அது. நடுவில் இருந்த இரண்டுக்கும் அப்பா ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு கடிகாரமும் கண்ணாடியும் சுவரில் ஏறின. வருகிறவர்கள் கேட்டால் அப்பா, “சேந்தமங்கலத்துக்காரங்க நெலைங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

சேலத்தில் போய் இறங்கியபோது ஆசாரி சாப்பிடப் போயிருந்தார். நிலை மருமகள் வீட்டுக் கூடத்தில், விரித்த பேப்பர் மேல் படுத்துக் கிடந்தது. கஜலட்சுமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து மேல்சட்டத்தைத் தடவினேன். எல்லாம் இருந்தன. மருமகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொன்னேன், சேந்தமங்கலத்து அம்மா தட்டோடு வந்து தன் அஞ்சு ஆணியைப் பற்றிச் சொன்னது வரைக்கும். அதோடு நிறுத்திவிட்டு ஆணிகளின் தூசியை முந்தானையால் துடைத்தேன். அவள் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அத்தை, இந்த ஓரத்துல நாலு மட்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே. இது உங்கூட்டுதுங்களா?”

“ஆமா.”

“நீங்களும் உங்க தம்பியும் ரெண்டு பேருதானுங்க?”

“இல்ல கண்ணு. நாங்க நாலு பேரு.”

அவள் அந்த நாலையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாலாவதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் மரத்தில் விரல் நின்றது. என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணு அடிச்சுக்கலாமுங்களா, அத்தை?”

நான் எழுந்து ஆசாரியின் பையில் சுத்தியலைத் தேடினேன்.